பூட்டுச் சத்தம்

முதலாளி எப்போது உள்ளே வந்தார் என்று யாருக்குமே தெரியவில்லை.

இஸ்திரி மெஷின் ஓரமாக நின்று வாயடித்துக் கொண்டிருந்த இரண்டு பேரும் தற்செயலாகத் திரும்பினால், முதுகுக்குப் பின்னால் நிற்கிறார். முறைத்துவிட்டுத் தன் அறைக்குள் போய்விட்டார்.

கார் வந்த சத்தமே கேட்கவில்லையே என்று சூப்பர்வைசர் பதறிப்போனார்.

பின்னே? இத்தனை காலமும் அந்தச் சலவைக் கம்பெனியைக் காப்பாற்றி வந்ததே முதலாளியின் கார்தான். மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார். பின்பக்கச் சன்னலை ஒட்டி காரை நிறுத்துவார். இறங்கி ரிமோட்டை அமுக்கினால் 'கீய்ங், கீய்ங்' என்று தெருக்கோடிக்குக் கேட்கும். அது அடங்குவதற்குள் இங்கே செல்போன்களெல்லாம் பைக்குள் போயிருக்கும். சும்மா நின்றவன்கூடக் கையில் ஒரு போர்வையை எடுத்து உதறிக் கொண்டிருப்பான்.

போன வாரம் அந்தச் சத்தம் திடீரென்று குறைந்து, குருவி கத்துகிற மாதிரி ஆனது. இந்த வயதில் இவருக்கு என்ன ஆசை பார் என்று எல்லோரும் சிரித்தார்கள். இன்றைக்கு அந்தக் குருவியும் இல்லை.

எதிர்ச்சாரியில் கார் சாமான் கடை வைத்திருப்பவனிடம் போய் சூப்பர்வைசர் மெல்ல வாயைக் கிளறினார்.

"நான்தாண்ணே மாத்திக் கொடுத்தேன்" என்றான் கடைக்காரன். "முதல்ல குறைச்சு வைக்கச் சொன்னார், வெச்சேன். நேத்து வந்து அதுவும் வேணாம், சத்தமே வரக் கூடாதுன்னுட்டார். அப்புறம் கார் பூட்டிச்சா இல்லையான்னு எப்படித் தெரியும்னு கேட்டேன். விளக்கு மினுக்கினா எனக்குப் போதும், உள்ளே இருக்கிறவங்களுக்குத் தெரியக் கூடாதுங்கிறார்."

அவ்வளவுதான், விஷயம் புரிந்துபோயிற்று. ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் இந்த ஏற்பாடு. வேலை நேரத்தில் போனை நோண்டிய ஒருத்தனை நின்ற நிலையிலேயே வீட்டுக்கு அனுப்பியவர் இவர். சும்மா விடுவாரா?

சூப்பர்வைசர் பயந்தது துணி மடிக்கிறவளை நினைத்து.

அவள் புருஷன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து படுத்த படுக்கையாகக் கிடக்கிறான். ராத்திரியெல்லாம் அவனைப் புரட்டிப் படுக்க வைத்து, துடைத்துவிட்டு, விடிந்ததும் இங்கே வந்துவிடுவாள். மத்தியானம் சாப்பிட்ட கையோடு, "அண்ணே, கண்ணை மட்டும் கொஞ்சம் மூடிக்கிறேன்" என்று பின்பக்கச் சன்னலோரம் போர்வைக் குவியலுக்குப் பின்னால் சுருண்டு கொள்வாள். கார் சத்தம் கேட்டதும் எழுந்து மடிக்க ஆரம்பித்துவிடுவாள். சூப்பர்வைசர் இதுநாள்வரை கண்டும் காணாமல் இருந்தார். அதில் அவருக்குத் தன்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

"இனிமே தூக்கமெல்லாம் வேணாம்மா, நேரம் சரியில்லை" என்று அன்று சாயங்காலமே சொல்லி வைத்தார். அவளும் சரிண்ணே என்றாள்.

சொல்லி என்ன பிரயோஜனம்? மறுநாள் மத்தியானம் போய்ப் பார்த்தால், மடித்துக் கொண்டிருந்த தலையணை உறையைக் கையில் பிடித்தபடியே அடித்துப் போட்ட மாதிரி தூங்குகிறாள்.

எழுப்பலாம் என்று குனிந்தவர் தற்செயலாகச் சன்னல் வழியே பார்த்தார். கார் வந்து நிற்கிறது. உள்ளே ஆள் இல்லை.

முதலாளி எந்தப் பக்கமாக வருகிறாரோ! இவளை அவரே பார்த்துவிட்டால், சூப்பர்வைசர்னு நீ எதுக்கு இருக்கேன்னு முதல் கேள்வி தன்னைத்தான் கேட்பார். இரண்டு பெண்களுக்குக் கல்லூரிச் செலவு இருக்கிறது. நாம் முந்திக்கொண்டால் பிழைத்தோம். பாவம்தான், ஆனால் அவளுக்காக நாம் தெருவில் நிற்க முடியுமா?

எழுப்பாமலே விட்டுவிட்டு முதலாளியின் அறைக்கு ஓடினார். அவர் அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார்.

"சார், உங்க காதுல போட்டுடலாம்னு வந்தேன். அந்தத் துணி மடிக்கிற பொண்ணு தினமும் மத்தியானம் தூங்குது. நானும் எத்தனையோ தடவை கண்டிச்சுட்டேன், கேக்கிற மாதிரி இல்லை. நீங்க சொன்னா இன்னைக்கே நிறுத்திடலாம்."

முதலாளி எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"மெதுவாப் பேசுங்க. இப்பவும் தூங்குதா?"

"ஆமா சார். வாங்க, காட்டறேன்."

"நீங்க காட்ட வேணாம். நான் கார் நிறுத்துற சன்னல்கிட்டதானே அது படுத்திருக்கு? நான் காரைப் பூட்டும்போதெல்லாம் தூக்கிவாரிப் போட்டு எழுந்திரிக்கும். கொஞ்ச நாள் முன்னாடி அப்படித்தான் பதறி எழுந்து, பக்கத்துல கொதிக்கிற இஸ்திரி மெஷின்ல கையை ஊனிடுச்சு. நான் சன்னலுக்கு வெளியே நின்னுட்டிருக்கேன்."

அவள் உள்ளங்கையில் கட்டுப் போட்டிருந்தது சூப்பர்வைசருக்கு ஞாபகம் வந்தது. என்னவென்று அவர் கேட்டுக்கூட வைக்கவில்லை.

"கொஞ்ச நேரம் படுத்துக்கோம்மான்னு நானே சொன்னேன்னா, கூச்சப்பட்டுக்கிட்டு மறுநாளே வேலைக்கு வராம நின்னுடும்" என்றார் முதலாளி. "சத்தத்தைக் குறைச்சுப் பார்த்தேன், அப்பவும் முழிச்சுக்கிச்சு. அதான் மொத்தமா எடுக்கச் சொன்னேன்."

முதலாளி குரலை இன்னும் தாழ்த்தினார்.

"கார் வாயை எதிர்க்கடைக்காரன் அடைச்சுக் கொடுத்துட்டான். உங்க வாயை எந்தக் கடையில கொண்டுபோய் அடைக்கிறது, சொல்லுங்க."