வராத வெளிச்சம்

இருட்டறையில் பேருந்து ஓட்டுநர் ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தைக் கொடுத்து உட்கார்ந்திருக்கிறார். உள்ளே எங்காவது ஒளிப்புள்ளி மின்னினால் கையிலுள்ள பொத்தானை அமுக்க வேண்டும். கண் தெளிவாகத்தான் இருக்கிறது. கண்டதை மூளைக்குக் கொண்டுபோகிற நரம்புதான் இழையிழையாகச் செத்துக்கொண்டிருக்கிறது. எவ்வளவு செத்தது என்று தெரிந்தால்தான் மருந்தா, ஆபரேஷனா என்று முடிவுசெய்து மிச்சத்தைக் காப்பாற்ற முடியும். அவருக்கோ, பார்வை குறைந்தது தெரிந்து பஸ் ஸ்டியரிங் கையை விட்டுப் போய்விடக் கூடாது. அதனால் டிக், டிக் என்று தாளம் தப்பாமல் அமுக்கித் தள்ளுகிறார். "ஒண்ணுகூட விடல, பாத்தியா?" என்கிறார். காப்பியடிக்கும் கிழட்டு மாணவனைப் பார்ப்பதுபோல், பின்னால் நிற்கும் மனைவி அந்தப் பிடரியைப் பார்க்கிறாள். "ஆமா, பெரிய கழுகு. நேத்து தொறந்து கெடந்த கதவுல போய் முட்டிக்கிட்ட கழுகு." "பேசாம இருடி, கவனம் செதறுது." சோதிக்கும் பெண் உதட்டைக் கடித்தபடி ஒரு விசையைத் தட்டுகிறாள். "நிறுத்திட்டேன்க்கா, இப்ப உள்ள ஒரு புள்ளியும் வரல" என்று மனைவியின் காதருகே சொல்கிறாள். டிக், டிக், டிக். மனைவி குரலைத் தாழ்த்துகிறாள். "டாக்டர்கிட்ட சொல்லும்மா, ஆபரேஷனுக்கு நாள் குறிக்கட்டும். இந்த ஆளுகிட்ட என்னத்தக் கேக்குறது?" கிண்ணத்துக்குள்ளிருந்து ஓட்டுநர் சிரிக்கிறார். "இப்ப இன்னும் நல்லாத் தெரியுது."