பிளாஸ்திரி ஒட்டிய ஓட்டை

"இவனுக்கெல்லாம் சம்பளம் ஒரு கேடா? காலையிலேர்ந்து ஒரு கம்ப்யூட்டர் அசையல!"

பதிவு மேசை அக்கா போட்ட சத்தத்தில், ரத்தப் பரிசோதனைக்கு வந்தவர்களே கையை நீட்ட மறந்துபோனார்கள்.

பரிசோதனை நிலையம் முழுக்க நெட்வொர்க் படுத்துவிட்டது. மேலே தயாரான ரிப்போர்ட் கீழே வரமாட்டேன் என்கிறது. கீழே பதிந்த பெயர் மேலே ஏறமாட்டேன் என்கிறது.

சும்மா சொல்லக்கூடாது, அக்காவின் மேசையில் ஒரு தூசி பார்க்க முடியாது. அன்றைக்கும் வந்ததும் வராததுமாக மேசைக்கு அடியில் குனிந்து, துடைத்து, கிடந்ததையெல்லாம் ஒதுங்கவைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். அப்படிப்பட்டவளுக்கு இந்த வயர்க்காரத் தம்பியைக் கண்டாலே ஆகாது. கசங்கின சட்டை, கழுத்தில் மாலை மாதிரி வயர்.

அவனோ அறை அறையாகப் போய், வயரைப் பிடுங்குவதும் பார்ப்பதும் திரும்பச் செருகுவதுமாக இருந்தான்.

"என்னடா தம்பி, பல்லு பிடுங்குற மாதிரி ஒண்ணொண்ணாப் பிடுங்கிட்டிருக்கே?"

"எந்த அறையைப் பிரிச்சா மத்ததுக்கு உசிர் வருதுன்னு பார்க்கணும்க்கா. கோளாறு அங்கதான் இருக்கும்."

மேனேஜர் வேர்க்க விறுவிறுக்க வந்தார். "ஆபரேஷனுக்கு ரிப்போர்ட் கேட்டு ஆஸ்பத்திரியில கத்துறாங்க. யார் தப்பா இருந்தாலும் சரி, இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன்!"

"யாருன்னு என்ன சார் கேள்வி? வயருக்குன்னு ஒரு ஆள் வச்சிருக்கோமில்ல?" என்றாள் அக்கா.

கடைசியாக அவள் மேசைக்கு அடியில் புகுந்தான் தம்பி. திடீரென்று மாடியிலிருந்து, "வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்று ஒரே கூச்சல்.

முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தவன், அவள் முகத்தையே பார்த்தான்.

"அக்கா, வீட்டுக்காரர் இப்ப எழுந்து நடக்கிறாரா?"

"இன்னும் படுக்கைதான். இப்ப அந்தக் கதை எதுக்கு? சார் நிக்கிறார், அவருக்குப் பதில் சொல்லு."

அவன் மேனேஜர் பக்கம் திரும்பினான். "என் தப்புதான் சார். ஒரு வயரை மாத்திச் செருகிட்டேன்."

"பார்த்தீங்களா சார், நான் சொல்லல?" என்றாள் அக்கா.

தம்பி பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுவாரம் புது ஆள் வந்தான். ஒவ்வொரு மேசையாகப் பார்த்துக்கொண்டு வந்தவன், அவள் மேசைக்கு அடியில் குனிந்தபடியே கேட்டான்.

"ஏன்க்கா, நெட்வொர்க் வயரெல்லாம் செருகுற இந்தப் பெட்டியில ஒரே ஒரு ஓட்டைக்கு மட்டும் பிளாஸ்திரி ஒட்டியிருக்கு? ஊசி குத்தின இடத்துல ஒட்டுவீங்களே, அது?"

"எந்த ஓட்டை?"

"இதோ பாருங்க. பக்கத்துலயே ஒரு வயரைச் சுருட்டிக் கட்டியிருக்கு. அதோட ஒரு முனை ஏற்கெனவே இந்தப் பெட்டியில இருக்கு. சும்மா இருக்கிற இன்னொரு முனையையும் இதுலயே செருகினா போச்சு! அனுப்புறதெல்லாம் வெளிய போகாம, செக்கு மாடு மாதிரி இதுக்குள்ளயே சுத்திச் சுத்தி, மொத்தக் கட்டடமும் படுத்துடும். யாரோ விவரம் தெரியாம செருகியிருக்காங்க. மறுபடி செருகிடக் கூடாதேன்னு அடைச்சுட்டுப் போயிருக்கார், முன்னால இருந்தவர்."

அக்காவின் கையில் துடைக்கிற துணி அப்படியே நின்றது. தரையில் கிடந்த வயர் முனை கண்ணை உறுத்துகிறதே என்று, காலியாக இருந்த ஓட்டையில் அன்றைக்குக் காலையில் அவளே அழுத்திச் செருகினாளே, அந்த 'டக்' சத்தம் இப்போது காதுக்குள் கேட்டது.

வாசல் பக்கமிருந்து மேனேஜர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, அந்தப் பய வச்சுட்டுப் போன கோளாறு இன்னும் பாக்கி இருக்கா?"

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தாள். கட்டிலில் கிடக்கிறவர் முகம் குறுக்கே வந்து நின்றது.

"ஆமா சார்" என்றாள்.

அன்றைக்கு மேசைக்கு அடியிலிருந்து எழுந்ததும் அந்தத் தம்பி எதற்காக அவள் வீட்டுக்காரரை விசாரித்தான் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.