மாலை போட்ட சைரன்

“அதத் தொடாதீங்க மா. எங்களுக்கு அது சாமி,” என்றார் ஐயாசாமி.

ஏணியில் கால் வைத்த லோஷினி அப்படியே நின்றாள். சிகாமட்டின் ஆற்றோரக் குடியிருப்பான தாமான் ஒன்றில், பொதுமண்டபச் சுவரில் மாட்டிய வெள்ள எச்சரிக்கை சைரன் பெட்டி அது. குங்குமப் பொட்டும் சாமந்தி மாலையுமாக இருந்தது. பக்கத்துக் கோயில் முனீஸ்வரருக்குக்கூட அன்று அவ்வளவு புது மாலை இல்லை.

அந்தப் பெட்டியைச் செய்யும் ஜொகூர் பாரு கம்பெனியில் அவள் எஞ்சினியர். மண்டபத்தைப் பார்த்துக்கொள்பவர் ஐயாசாமி.

“ரிப்பேர் பண்ணத்தான் வந்தேன் அங்கிள். கரண்ட் போயிட்டு வந்தா சும்மாவே கத்துதுன்னு கம்ப்ளெய்ன்.”

“கத்தினா கத்தட்டும் லா. போன வருஷம் இது கத்தலைன்னா என் சம்சாரம் மலர் இன்னைக்கு இல்ல. படுத்த படுக்கை அவ. அன்னைக்கு அடைமழை, கரண்ட் வேற போறதும் வர்றதுமா இருந்துச்சு. இது போட்ட சத்தத்துலதான் அவளத் தூக்கிட்டு வெளிய ஓடினேன். பின்னாடியே வீட்டுக்குள்ள தண்ணி. நல்லா இருக்கிறத நோண்டிக் கெடுத்துட்டா, அடுத்த வெள்ளத்துக்கு யாரு கூப்பிடுவா?”

லோஷினி ஏணியிலிருந்து காலை எடுத்தாள்.

“ரப்பர் தோட்டத்துல காலையில பெரட்டுல வரிசையா நிக்க வெச்சுப் பேர் கூப்பிடுவாங்கல்ல அங்கிள்?”

“ஆமா. பேர் பதியாதவனுக்கு வேலை இல்ல.”

“இதுக்குள்ளயும் அப்படித்தான். கரண்ட் வந்ததும் பூட்லோடர்னு ஒரு புரோகிராம் முதல்ல முழிச்சு, டிரைவர்னு பதிஞ்ச குட்டிப் புரோகிராமையெல்லாம் கூப்பிடும். சிப்போட கம்பிக் காலுங்க, அதான் பின்னுங்க, அதுங்களுக்கு வேலை பிரிச்சுக் குடுக்கவும் ஒரு டிரைவர் இருக்கு. அதப் பதிய விட்டுட்டாங்க. அதனால கரண்ட் வந்ததும் சைரனோட பின்னு இஷ்டத்துக்குக் கத்த வைக்குது. இப்ப பதிஞ்சு கொண்டாந்திருக்கேன். போட விடுங்க, பிளீஸ்.”

ஒரு சத்தத்தை நிறுத்த இந்தப் பெண் ஏன் இப்படிக் கெஞ்சுகிறாள் என்று அவருக்குப் புரியவில்லை. மனசு கேட்காமல் தானே மாலையைக் கழற்றிக் கொடுத்தார்.

புதிய புரோகிராமை ஏற்றி, கரண்டை நிறுத்திப் போட்டாள். பெட்டி வாயே திறக்கவில்லை.

“அலமாக், செத்துப்போச்சா?” ஐயாசாமியின் முகம் வெளுத்தது.

அவள் பெட்டியின் சென்சாரை ஒரு வாளித் தண்ணீரில் முக்கினாள். சைரன் தாமான் முழுக்கக் கேட்கும்படி அலறியது. லோஷினி தரையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

“அட, எதுக்கு மா அழுறீங்க? பழையபடி தண்ணியக் கண்டதும் கத்துதே,” என்றார் அவர்.

அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். சென்சாருக்கான பின்னுக்கும் வேலை கொடுக்க வேண்டியது பதியாமல் விட்ட அதே டிரைவர்தான். போன வருஷம் சைரன் கத்தியது தண்ணீருக்கு அல்ல, கரண்ட் திரும்பி வந்ததற்கு. மாட்டிய நாளிலிருந்து அந்தப் பெட்டி தண்ணீரைக் கண்டுகொண்டது இதுதான் முதல் தடவை.