இலை பதித்த துணி

அண்ணி அடுப்படித் தரையில் உட்கார்ந்து, மடியில் கிடந்த துணிச் சுருளை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நாத்தனார் நிலைப்படியிலேயே நின்றாள். முன்னறையில் கால்மாற்றிக் கால்மாற்றி நின்றவர்கள் அவளைத் தூது அனுப்பியிருந்தார்கள்.

“வண்டிக்காரர் மறுபடியும் ஹாரன் அடிச்சுட்டார் அண்ணி. பெரியப்பா வேற, கடைத்துணி வாங்கி வெச்சிருக்கு, அதுவே போதும்னு குதிக்கிறார்.”

“அந்தப் பிளாஸ்டிக்கையா? இது இன்னும் ஆறல. சூட்டோட பிரிச்சா சாயம் கலங்கிடும்னு உனக்குத் தெரியாதா?”

தெரியும். அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஜன்னலோர மரம் தானாக உதிர்த்த இலைகளைப் பருத்தித் துணியில் பரப்பி, துரு ஆணி ஊறிய தண்ணீரைத் தெளித்து, கம்பில் இறுக்கிச் சுருட்டி, நூலால் கட்டி, மூடிபோட்ட அண்டாவில் ஆவி காட்டுவாள் அண்ணி. கடைச் சாயம் ஒரு சொட்டுக் கிடையாது. ஆறியபின் பிரித்தால் இலையின் நரம்புகூடத் துணியில் ஏறியிருக்கும். அவசரப்பட்டால் வெறும் கறை.

துணிக்குக் குழம்பு வைக்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான் அண்ணன். அவள் துணிகளுக்குக் கண்காட்சி என்றால், மாட்டிவைக்க ஆணியும் சுத்தியலுமாக முதல் ஆளாய்ப் போய் நிற்பதும் அவன்தான்.

இது கண்காட்சிக்கு இல்லை. ஆனாலும் அவள் இதுவரை செய்ததிலேயே நீளமான துணி. பிசகினால் இன்னொன்று செய்ய நேரமில்லை. பெரியப்பா வாங்கிவந்த பளபளப்புதான்.

நாத்தனார் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பிரிக்கும்போது ஒரு கை கொடுக்கலாம் என்று சுருளைத் தொட்டாள்.

ஜில்லென்றிருந்தது.

அண்டாவைத் தொட்டாள். அதுவும்தான். அடுப்பை அணைத்து வெகுநேரம் ஆகியிருக்க வேண்டும்.

அண்ணி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நூல்முடிச்சின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

நாத்தனார் எழுந்து முன்னறைக்குப் போனாள்.

நடுவில், நீளப் பெஞ்சில், ஆஸ்பத்திரிப் போர்வைக்குள் அண்ணன் கிடந்தான். அவனைச் சுற்றி எடுத்துப்போக வேண்டிய துணிக்காகத்தான் எல்லோரும் காத்திருந்தார்கள். இடுகாட்டில் குழி தோண்டியாகிவிட்டது.

பெரியப்பா புருவத்தை உயர்த்தினார்.

“இன்னும் சூடாத்தான் இருக்கு,” என்றாள் அவள். “கொஞ்சம் பொறுங்க.”