கூரையைத் தூக்காத வீடு

மரியநேசன் தெர்மாகோலில் கட்டிய ரோமாபுரி நகரம் சாப்பாட்டு மேசை முழுவதையும் பிடித்துக்கொண்டிருந்தது. ஓடுகளுக்கு அட்டைப்பெட்டியின் நெளிதாள், தூண்களுக்கு ஸ்ட்ரா. பொம்மைச் சிப்பாய்களை உள்ளே நிறுத்த வசதியாக எல்லா வீட்டுக் கூரைகளும் தனியாகக் கழன்று வரும். ஞாயிறுதோறும் அவனும் நண்பன் கஸ்பாரும் அங்கே போர் விளையாடுவார்கள். ஒரு விதியில் மட்டும் கஸ்பார் படு கறார். வீட்டுக்குள் புகுந்தவன்மேல் பகடை என்ன விழுந்தாலும் சரி, கூரையைத் தூக்கிப் பார்க்கும்வரை அவன் சாகவில்லை.

கடைசி ஆட்டத்தில் கஸ்பாரின் சிவப்புக் கொண்டைத் தளபதி மூலைவீட்டுக்குள் ஒளிந்தான். மரியநேசனுக்கு ஆறு விழுந்தது. ஆறு என்றால் சாவு. "அடுத்த வாரம் தூக்கிப் பாப்போம்டா" என்று சிரித்துக்கொண்டே கிளம்பிய கஸ்பார், புதன்கிழமை மாரடைப்பில் போய்விட்டான்.

இன்று கஸ்பாரின் மனைவி அமலோற்பவம் அவனுடைய ஈயச் சிப்பாய்களை எடுத்துப்போக வந்திருந்தாள். அடுக்கி முடித்தபோது பெட்டியில் ஒரு குழி காலியாக இருந்தது.

"ஒண்ணு கொறையுதேண்ணே?"

மரியநேசன் மூலைவீட்டைக் காட்டினான். கூரைக்கு அவள் நீட்டிய கையைத் தடுத்து, விதியைச் சொன்னான். அவள் கையை இழுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கூரையையே பார்த்தாள். பிறகு குனிந்து, கட்டைவிரல் உயரமே இருந்த வாசலில் வாயை வைத்து, சாப்பிடக் கூப்பிடுகிற குரலில் சொன்னாள்:

"என்னங்க, நேரமாச்சு. வாங்க, வீட்டுக்குப் போவோம்."

உள்ளே ஈயம் தரையில் உரசியது. மரியநேசன் இரண்டு கைகளாலும் கூரையை அழுத்திப் பிடித்துக்கொண்டான்.