பிரஸ் ஓயும் அரைமணி

2025 பிப்ரவரி, ஓசூர் சிப்காட். கார் கதவுத் தகடு அடிக்கும் தொழிற்சாலையின் பிரஸ் மதியச் சாப்பாட்டுக்காக ஒரு மணிக்கு நிற்கிறது. அடுத்த கட்டடத்தில் மாதேஸ்வரியும் அவளுடைய உதவியாளன் ஹரீஷ்குமாரும் அப்போதுதான் சோதனையைத் தொடங்குகிறார்கள். பிரஸ் அடித்தால் தரை அதிரும். அளவெடுக்கும் ஊசி சறுக்கிச் சிப்பைக் கீறிவிடும். முந்தைய சிப்புகள் பலவும் அப்படித்தான் போயின. மைக்ரோஸ்கோப்பின் வெளிச்ச வட்டத்துக்குள் இருப்பது கடைசிச் சிப். அதன்மேல் மூன்று அணு கனத்தில் ஒரு படலம், இளம் ஊதாவாகத் தெரிகிறது. சிலிக்கானைவிடச் சிறிய சுவிட்ச் இதில் சாத்தியம் என்பது மாதேஸ்வரியின் வாதம். இன்று அது மின்சாரத்தை விட்டும் நிறுத்தியும் காட்டாவிட்டால் நாளை முதல் இந்த ஆய்வறையை நிர்வாகம் கிடங்காக்கிவிடும்.

“அக்கா, பெருமூச்சு விடாதீங்க. போன சிப்பு அதுலதான் போச்சு.”

“ஊசிய எறக்குடா மொதல்ல. அப்பறம் வாயாடு.”

ஹரீஷ்குமார் ஊசியை இறக்கும் திருகாணியை மயிரிழை அளவு திருப்புகிறான். ஊசி முனையும் அதன் நிழலும் தங்கப் பட்டையின்மேல் ஒன்றுசேர்கின்றன. வெளியே டிபன் மூடிகள் கிணுகிணுக்கின்றன. யாரோ யாரையோ தெலுங்கில் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள். மாதேஸ்வரி மின்னழுத்தத்தை ஏற்றுகிறாள். திரையில் தரையோடு கிடந்த பச்சைக்கோடு தலைதூக்கி, செங்குத்தாக உச்சிவரை ஏறுகிறது. குறைக்கிறாள், வந்த வழியே இறங்குகிறது. மறுபடி ஏற்றுகிறாள், மறுபடி எழுகிறது.

“ஆயித்து!” கன்னடத்தில் கத்துகிறான் ஹரீஷ்குமார்.

“இன்னும் கத்துடா! பிரஸ்காரங்களுக்கும் கேக்கட்டும்.” அடக்கிவைத்த பெருமூச்சை மாதேஸ்வரி முழுதாக விடுகிறாள். கோடு அசையவில்லை.

ஒன்றரைக்குச் சைரன் ஊதுகிறது. தரை அதிரத் தொடங்குகிறது. சிப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. அறை கிடங்காகப் போவதில்லை.