மூன்றாவது பாட்டில்

மூன்றாவது பாட்டில் டீயை நான் துப்பவில்லை. விழுங்கிவிட்டேன்.

ருசி பார்க்கும் எங்கள் அறையில் அது பெரிய குற்றம். ஒரு வாய் உறிஞ்ச வேண்டும், நாக்கைச் சுற்றி ஓடவிட வேண்டும், காலடியில் இருக்கும் வாளியில் துப்ப வேண்டும். விழுங்கினால் அடுத்ததன் ருசி சரியாகப் பிடிபடாது.

"சந்துருண்ணா, இது துப்பறதுக்குங்க, முழுங்கறதுக்கில்ல," என்று ரிஜின் சார் சிரித்தார். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். ஆனாலும் மேனேஜர்.

மேசையில் நான்கு பாட்டில்கள். பெயர் கிடையாது, எண் மட்டும். நான்கிலும் சீனி இல்லை.

சீனி போடாத டீயைப் பாட்டிலில் அடைத்து, போட்டதைவிட அதிக விலைக்கு விற்பதுதான் கஞ்சிக்கோட்டில் எங்கள் கம்பெனியின் பிழைப்பு. அதை வாங்கிக் குடிக்கிறவர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும்.

அன்று நான்கிலும் ஒரே தேயிலை. தண்ணீர் மட்டும் வேறு வேறு மலையிலிருந்து வந்தது. எந்தத் தண்ணீரில் போட்ட டீ நன்றாக இருக்கிறதோ, அந்த மலையடியில் புது யூனிட் கட்டப் போகிறார்கள்.

முதலாவதில் துவர்ப்பைத் தவிர ஒன்றுமில்லை. இரண்டாவது, ஆஸ்பத்திரி பிளாஸ்கில் ஆறிப்போன டீ மாதிரி இருந்தது.

மூன்றாவது நாக்கில் பட்டதும் எனக்கு உடம்பு சில்லிட்டது.

பாறையில் ஊறிய குளிர்ச்சி. லேசாக இரும்பு. தொண்டையில் இறங்கிய பிறகு, எங்கிருந்தோ ஒரு இனிப்பு.

எங்கள் எஸ்டேட்டில் லயம் என்கிற வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஓடும் ஓடை அது. எத்தனை பாட்டிலில் மறைத்து வைத்தாலும் எனக்குத் தெரியும்.

செல்லக்கனி அந்தத் தண்ணீரில்தான் பால் இல்லாத கட்டன் டீ போடுவாள். என் மனைவி. சீனி டப்பா கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும், எடுக்க மாட்டாள். கேட்டால், சீனி போட்டால் தண்ணீரின் ருசி செத்துப்போகும் என்பாள். நான் முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்துப் பழகிவிட்டேன்.

அவள் இன்னும் அந்த மலையில்தான் இருக்கிறாள்.

நான் இந்தப் பக்கம் இறங்கி வந்துவிட்டேன். அவள் வரவில்லை. கூப்பிடாமல் இல்லை, தொண்டை கட்டிப்போகும்வரை கூப்பிட்டிருக்கிறேன். லீவு கிடைத்தால் பஸ் ஏறிப் போய்க் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு வருவேன். பேசுவது நான்தான். கல்யாணமான நாளிலிருந்தே எங்கள் வீட்டில் வாயாடி நான்தான்.

இங்கே எலப்புள்ளியில் வாடகை அறை. காலையில் குழாயைத் திறந்தால் தண்ணீருக்கு முன்னால் காற்று வரும். அந்தச் சத்தத்தில் சில நாள் 'என்னங்க' என்று கேட்கும். பைத்தியம் என்பார்களே என்று யாரிடமும் சொன்னதில்லை.

எந்த எஸ்டேட் என்றும் இங்கே யாரும் கேட்டதில்லை. மூணாறுப் பக்கம் என்றால் போதும், நல்ல குளிரான இடமாச்சே என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

பக்கத்தில் ஜோமோள் மூன்றாவதை உறிஞ்சி வாளியில் துப்பினாள். எங்களோடு ருசி பார்க்கும் பெண். "இது கொள்ளாம், நல்லாருக்கு சந்துரு சேட்டா. சீனியே இல்ல, பின்ன எங்கேருந்து இந்த மதுரம்?"

நான் வாளியைப் பார்க்கவில்லை.

இந்த அறையில் என் நாக்குக்கு மதிப்பு உண்டு. நான் நன்றாக இருக்கிறது என்றால் அந்த மலைக்கு லாரி ஏறும். செல்லக்கனியின் தண்ணீரை ஊர் ஊராகக் குடித்துவிட்டு பாட்டிலை ரோட்டோரம் எறிவார்கள். அதற்கு நானே கைகாட்டுவதா? அவளாவது நிம்மதியாக இருக்கட்டும்.

"மூணு வேண்டாம் சார். மண் வாடை அடிக்குது."

ரிஜின் சாரின் முகம் தொங்கிப்போனது. "அய்யோ, எனக்குப் புடிச்சதே அதுதானுங்க. பழைய எஸ்டேட் ஓடை. சுத்துவட்டாரத்துல இப்ப ஆளே கிடையாது, அவ்வளவு சுத்தம்."

ஆளே கிடையாதாம்.

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் கோபப்பட்டு என்ன செய்ய? அவருக்கு என்ன தெரியும்?

அவர் மூன்றாவது பாட்டிலை மேசை ஓரத்துக்குத் தள்ளினார். மனசே இல்லாமல்தான் தள்ளினார். "இஞ்சினியர் இடங்கூடப் பாத்துட்டாருங்க. பழைய லயம் இருந்த திட்டு இருக்குதே, அங்க தோண்டி ஊத்தைப் புடிச்சுட்டா வருஷம் பூரா தண்ணின்னாரு. போச்சு."

நாலாவது பாட்டிலை எடுக்கப் போன என் கை நின்றுவிட்டது.

"எம்புட்டு ஆழம் சார் தோண்டுவாங்க?"

"பாறை தட்டற வரைக்குமுங்க. ரெண்டு ஜேசிபி மேல ஏத்தலாம்னு இருந்தோம்."

"பாறை தட்டற வரைக்குமா?"

"ஆமாங்க. எதுக்குக் கேக்கறீங்க?"

நான் ஓரத்தில் இருந்த மூன்றாவது பாட்டிலை இழுத்தேன். டம்ளரில் ஊற்றவில்லை, அப்படியே வாயில் கவிழ்த்தேன். குளிர்ச்சி, இரும்பு, கடைசியில் அந்த இனிப்பு. இந்தத் தடவையும் துப்பவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது. புரையேறிவிட்டது என்று ஜோமோள் என் தலையில் தட்டினாள்.

"நான்தான் தப்பாச் சொல்லிட்டேன் சார். மூணுதான் நல்லாருக்கு. இதையே எடுங்க."

"நெசமாத்தானுங்களா?"

"இதவிட நல்ல தண்ணி எங்கயும் கிடைக்காது சார். சீக்கிரம் ஆரம்பிச்சிருங்க."

ரிஜின் சார் உற்சாகமாகப் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நாலாவது பாட்டிலை யாரும் திறக்கவில்லை.

நான் மலையிறங்கிய வருஷத்து மழையில் மலை சரிந்து லயத்தை மூடியபோது, மற்ற எல்லாரையும் ஒவ்வொருவராக வெளியே எடுத்துவிட்டார்கள். செல்லக்கனிக்காகத் தோண்டிக்கொண்டிருந்த ஜேசிபி மட்டும், இனிப் பயனில்லை என்று, பாறை தட்டுவதற்கு முன்பே கீழே இறங்கிவிட்டது.